மூடி விழும் வாரம்

தலையில் திரைச்சீலை மூட்டையோடு கண்ணாடித் தரையின் நடுவில் நின்றுவிட்ட உலகம்மாள், காலுக்குக் கீழே பத்தடி ஆழத்தில் அன்று காலை மண்ணிலிருந்து எழும்பியிருந்த தாழியின் கழுத்தைக் குனிந்து பார்த்து, “இது நம்பிராசன் சார்வாள் வீட்டுக் குறிலா” என்றாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த காப்பாட்சியர் இளவேந்தன் திரும்பி வந்தார்.

“எது?”

“அந்தா, கழுத்துல கீறியிருக்கு பாருங்க. மூணு கோடு, கீழ ஒரு பிறை, வலப்பக்கம் ஒரு புள்ளி. அவுக வீட்டு வேட்டி, சேலை, தலகாணி உறை அம்புட்டுலயும் நான் போடுத குறி.”

“அம்மா, இந்த மாதிரித் தாழிக்கெல்லாம் வயசு ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசம்.”

“இருந்துட்டுப் போகட்டும் சார். அந்தப் புள்ளி நான் வச்சது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரிச்ச வருசம், தம்பி வீட்டுத் துணி தனியாத் தெரியணும்னு வச்சேன்.”

இளவேந்தன் தருமபுரிப் பக்கத்துக்காரர். பரம்புக்குளத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தை மாதம் அருங்காட்சியகத்தைத் திறந்தபோது குழிக்குள் பதினெட்டுத் தாழிகள் இருந்தன. பழங்காலத்து மனிதர்களைப் புதைத்த மேட்டில், குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி பாவி, பார்க்க வருகிறவர்கள் அவர்கள் தலைக்கு மேல் நடந்துபோகும்படி கட்டியிருந்தார்கள். மாசி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை, வார விடுமுறை நாளில், யாரும் தோண்டாமல், மழைக்கு மறுநாள் காளான் வருவதுபோலப் பத்தொன்பதாவது தாழி மண்ணைத் தள்ளிக்கொண்டு, மூடியில்லாமல், வாயைத் திறந்துகொண்டு வந்திருந்தது. அவர் அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். யார் அனுமதியில் தோண்டப்பட்டது என்று மூன்று பிரதியில் விளக்கம் கேட்டுப் பதில் வந்தது. மூன்று பிரதியில் விளக்கம் எழுதி அனுப்பிவிட்டு, ஒரு பித்தளைத் தகட்டில் 19 என்று பொறித்துத் தாழிக்குப் பக்கத்தில் நடச்செய்தார்.

உலகம்மாளுக்கு ஊரில் இருநூற்றுச் சொச்சம் குறி மனப்பாடம். ஆற்றுத்துறையில் ஊர்த்துணி முழுக்க ஒரே வெள்ளாவியில் வேகும். வெந்து, அலசி, காய்ந்து, மலைபோல் குவிந்த பிறகு எது எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதைச் சேங்கொட்டை மையில் போட்ட குறிதான் சொல்லும். கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் எண்ணெயைத் தொட்டுத் துணியோரத்தில் கோடிழுத்து, மேலே சுண்ணாம்பைத் தடவினால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். துணி கிழிந்து நூலானாலும் குறி போகாது. குறி ஆளுக்குக் கிடையாது, வீட்டுக்குத்தான். பாகம் பிரிந்தால் ஒரு புள்ளி கூடும், வீடு அற்றுப்போனால் குறியும் அற்றுப்போகும். துணி வெளுக்கிறவர்கள் வீட்டுக்கு மட்டும் குறி வைக்கும் வழக்கமில்லை. குவியலில் குறியில்லாமல் எது மிஞ்சிக் கிடக்கிறதோ அது அவர்களுடையது.

நம்பிராசன் சார்வாள் அன்று மாலையே மனைவியோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி மேல் நின்று, தன் மேல்துண்டின் ஓரத்தைப் புரட்டிக் கீழே இருந்த கீறலோடு ஒப்பிட்டுப் பார்த்து, முப்பத்தைந்து வருடம் சரித்திரம் நடத்தியவனைச் சரித்திரம் ஞாபகம் வைத்திருக்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பதினோராம் நாள் காலை இட்லி சாப்பிட்டுக் கை கழுவி நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. அதே நேரத்தில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கண்முன்னால், பத்தொன்பதாம் தாழியின் வாய் மேல் கவிழ்த்த தட்டுப்போல ஒரு மூடி இருந்தது. விழுந்ததை அவள் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது என்றாள். மூடியின் மேல் ஈரமண் ஒரு பிடி. சார்வாளை ஆற்றங்கரையில் முறைப்படி எரித்தார்கள். தாழிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. காட்சிப்பொருட்களைத் தொடக்கூடாது என்று சுவரில் மூன்று மொழியில் எழுதியிருந்தது.

இரண்டாவது எழும்பியது சோடாக் கம்பெனிக்காரர் வீட்டுக் குறியோடு. தாழி ஒடுங்கி உயரமாக இருந்தது. அந்த வீட்டில் எல்லாரும் குட்டை, மூத்த மகன் ஒருவன்தான் நெட்டை, அவன் துபாயில் இருந்தான். அதனால் வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மூடி விழுந்த அன்று சாயங்காலம் துபாயிலிருந்து போன் வந்தது. மூன்றாவது, மிட்டாய்க்கடைக் குறி. கடைக்காரரும் மனைவியும் பத்து நாள் கோயில் கோயிலாகப் போய்வந்தார்கள். மூடி விழுந்த அன்று அவர்கள் இருவரும் நன்றாக இருந்தார்கள், கடையின் பின்னறையில் முதலாளியின் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்கிய சங்கரன்கோயில் சரக்கு மாஸ்டர்தான் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ஊருக்கு ஒன்று புரிந்தது. மண்ணுக்குள் இருப்பது ரத்தத்தைப் பார்ப்பதில்லை, குறியைப் பார்க்கிறது. குறி போட்ட துணிக்குள் யார் படுத்திருந்தாலும் அவர் அந்த வீட்டு ஆள். அதற்குப் பிறகு பரம்புக்குளத்தில் வேலைக்காரர்களுக்குப் பழைய துணி கொடுக்கிற தருமம் பெருகிவிட்டது.

வெளியூருக்கு, குறித்துணியில் படுத்தாலே போதும் என்கிற இந்தக் கடைசிக் கணக்கெல்லாம் தெரியாது. மூடியை மட்டும் போனில் பார்த்தார்கள், வந்தார்கள். முதலில் வாரத்துக்கு ஒரு பஸ் வந்தது, பிறகு நாளைக்கு ஒன்று, பிறகு நெல் காயப்போடும் களத்தில் நெல்லுக்கு இடமில்லாமல் கார்கள் நின்றன, அரிசி மில் லாட்ஜ் ஆனது, லாட்ஜுக்கு எதிரே புரோட்டாக் கடை வந்தது, புரோட்டாக் கடைக்கு ஆற்றங்கரை வாழையிலை போதாமல் ஏரலிலிருந்து லாரியில் இலை வந்தது, இலை கொண்டுவந்த லாரிக்காரன் இங்கேயே பெண் கட்டிக்கொண்டு இளநீர்க் கடை வைத்தான், அந்த இளநீரைக் குடித்தபடி கேரளத்துக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் வரிசையில் நின்று கண்ணாடி மேல் ஏறி, குழியைப் பார்த்து, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். தாழி எழும்பிப் பத்து நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் மூடி விழும் என்பது தெரிந்துபோனதால், எழும்பிய அன்று மத்தியானத்துக்குள் அறைகள் நிரம்பின. மூடி விழும் வாரம் என்று ஊரில் தனிப் பருவமே உண்டாகி, கல்யாணம் காதுகுத்து வைக்கிறவர்கள் அந்த வாரத்தைத் தள்ளி நாள் பார்த்தார்கள், சமையல்காரர் கிடைக்கமாட்டார் என்பதால்.

குறி வந்த வீட்டுக்குக் குறி வீடு என்று பெயர். வாசலில் அந்தக் குறியை நீல எனாமல் பலகையில் எழுதி மாட்டினார்கள், முன்னறையைப் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள், சுக்குக்காப்பி கொடுத்தார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நாளும் அந்த வீட்டில் யாரும் யாரையும் கடிந்து பேசுவதில்லை. அண்டை அயலார் பலகாரம் கொண்டுவந்து, உட்கார்ந்து, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் உயரமும் பருமனும் பார்த்துவிட்டு, பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஆவணியில் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றிலிருந்து பொருளாதாரம் படிக்கும் பெண்கள் பத்துப் பேர் வந்து, புதிய அருங்காட்சியகத்தால் உள்ளூர்ச் சுற்றுலாவில் ஏற்பட்ட மாற்றம் என்று தலைப்பிட்ட தாள்களோடு வீடு வீடாக ஏறினார்கள். கடைசிக் கேள்வி, அருங்காட்சியகம் வந்தபின் உங்கள் குடும்ப நிலை உயர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பது. சோடாக் கம்பெனிக்காரர் மனைவி, மகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள், புதிதாகப் போட்ட டைல்ஸ் தரையைப் பார்த்தபடி, “உயர்ந்திருக்குன்னே போட்டுக்கோம்மா” என்றாள்.

வெளுக்கத் துணி போடுவதை மறந்துபோயிருந்தவர்களும் துறைக்கு வர ஆரம்பித்தார்கள். அரிசி மில்லை லாட்ஜாக்கிய கோமதிநாயகம் ஒருநாள் தானே ஒரு துண்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். போன வருடம் வரை பெயர்கூடச் சொல்லாமல் தெருவிலிருந்து “ஏளா” என்று சத்தம் கொடுப்பவர்.

“உலகம்மா, நல்லா இருக்கியா?”

“இருக்கேன் அண்ணாச்சி. மிசின் வாங்கியாச்சுன்னு எட்டு வருசமாத் துணியே போடலியே, என்ன திடீர்னு?”

“மிசின்ல வெளுக்கது ஒரு வெளுப்பா? இந்தத் துண்டை வாராவாரம் வாங்கிக்கிடு. குறி மங்கியிருக்கான்னு பாரு.”

“சேங்கொட்டைக் குறி எங்க மங்கும்?”

“மங்காம இருந்தாச் சரி. மண்ணுக்குள்ள இருக்கவுகளுக்கு நம்ம வீடு மறந்துரப்படாதுல்லா.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அம்மைக்கு எண்பத்தெட்டு. போறவ எப்படியும் போவா. போகையில நாலு பஸ்ஸக் கூட்டியாந்துட்டுப் போனா, அவளுக்கும் புண்ணியம், லாட்ஜுக்கும் ஆச்சு.”

“பெத்தா இப்பிடி மகனைப் பெறணும் அண்ணாச்சி.”

அவர் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டு படியேறிப் போனார். அன்றைக்கு அவர் போல் பதினேழு பேர் ஆளுக்கொரு துண்டோடு வந்தார்கள்.

உலகம்மாளுக்கு அருங்காட்சியகத்தில் படம் ஒட்டிய அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை புதுத் தாழி எழும்பியிருந்தால் அவள் வந்து, கண்ணாடி மேல் மண்டியிட்டு, கழுத்தைப் பார்த்து, வீட்டுப் பெயரைச் சொல்வாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிற்கும் கூட்டம் பெருமூச்சு விடும். பெயர் வந்த வீட்டுக்காரர்கள், முதலில் ஒருகணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு கைகூப்புவார்கள்.

அவள் புருசன் மாசானம் லாட்ஜுகளின் விரிப்பு வெளுக்கிற வேலை மொத்தத்தையும் எடுத்திருந்தான். இருபத்துமூன்று லாட்ஜ். புரட்டாசியில், துறைக்குப் பக்கத்தில் பாதியில் நின்ற கட்டடம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்துப் பூசி, எட்டு அறையோடு இருபத்துநாலாவது லாட்ஜை அவனே திறந்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்து இப்போது ஆறு வயதாகும் மகள் தர்ஷிகாவின் பெயரையே பலகையில் எழுதினான். வெள்ளாவியில் எல்லா விரிப்பும் ஒரே வெள்ளை. குறியில்லாதது துறைக்காரருடையது என்று முன்பு ஊருக்குத் தெரியும்; லாட்ஜுகளில் வேலைக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்கள் குறியில்லாததை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைத்தார்கள். முதல் மாதத்திலேயே பதினாறு விரிப்பு போயிற்று.

“ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் குறி போட்டாச்சு. நமக்குன்னு ஒண்ணு போட்டா கையா ஒடிஞ்சிரும்?” என்றான் மாசானம்.

“நமக்கு வழக்கமில்லலா.”

“லாட்ஜு வச்சு நடத்துததுந்தான் நமக்கு வழக்கமில்ல.”

துவைகல்லில் உட்கார்ந்திருந்த தர்ஷிகா சுண்ணாம்பில் விரலைத் தோய்த்துக் கல்லின் மேல் ஒரு வளைவு போட்டு, மேலே இரண்டு கோடு இழுத்து, ஒரு புள்ளி வைத்து, “குருவிம்மா” என்றாள். நன்றாகத்தான் இருந்தது; ஊரில் யாருக்கும் இல்லாததாகவும் இருந்தது. உலகம்மாள் விரிப்புகளின் கால்மாட்டு முனையில், அறைக்கு வருகிறவர்கள் கண்ணில் படாதபடி சின்னதாக, வரிசையாகக் குருவிகளைப் போட்டுக்கொண்டே போனாள். பிறகு தலையணை உறைகள். எல்லாம் முடிந்தபோது கடைசியாகக் குத்திய கொட்டையில் எண்ணெய் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. குத்திய கொட்டை மறுநாளைக்கு இறுகிப்போகும். கசிகிற கொட்டையைத் தூக்கியெறிவது துறையில் பாவம். கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், அவள் மாசானத்தின் வேட்டி இரண்டிலும், தன் சேலை முந்தியிலும், பிறகு மகளின் பள்ளிக்கூடச் சட்டை, பாவாடை, கவுன், உள்சட்டை எல்லாவற்றிலும் காலருக்கு உட்புறம் ஒவ்வொரு குருவி போட்டாள். பிறந்ததிலிருந்து குவியலில் மிஞ்சிய துணியையே உடுத்தியவள், தன் மகள் சட்டையின் குறியை வெயிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஐப்பசியில் இரண்டாம் செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்றாம் தாழி எழும்பியிருந்தது. முழங்கால் உயரம்தான். செவ்வாய்க்கிழமைகளிலும் திறக்க ஆரம்பித்துப் பல மாதம் ஆகியிருந்ததால் கயிற்றுக்கு அந்தப்பக்கம் கூட்டம் நெருங்கி நின்றது. உலகம்மாள் மண்டியிட்டுக் குனிந்தாள். நிமிரவில்லை.

“சொல்லுங்கம்மா” என்றார் இளவேந்தன்.

“தெரியல.”

“தெரியலையா?”

“இது நம்மூர்க் குறி இல்ல சார்.”

“குருவி மாதிரில்லா தெரியுது?” என்றார் முன்வரிசையில் நின்ற கோமதிநாயகம். “யாரு வீட்லயும் குருவி பார்த்ததில்லையா உலகம்மா?”

“இல்ல அண்ணாச்சி.”

“சின்னதா வேற இருக்கு” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். உள்ளூர்த் தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள், தூக்க முடியாத வயதில் இருந்த பிள்ளைகளையும்.

மூன்றாம் நாள் கோமதிநாயகம் மாலையோடும் ஒரு நீல எனாமல் பலகையோடும் தர்ஷிகா லாட்ஜுக்கு வந்தார். அவருடைய லாட்ஜுக்கு மாறி வந்துவிட்ட குருவி போட்ட விரிப்பு ஒன்று மடித்து அவர் கையில் இருந்தது.

“எங்கிட்ட மறைக்கலாமா உலகம்மா?” என்றார், மனசார வருத்தப்பட்டவராக. “இதுல என்ன கூச்சம்? இத்தனை காலம் ஊருக்கெல்லாம் நீ சொன்ன. இன்னைக்கு உங்க வீட்டுக்கும் ஒரு காலம் வந்துட்டு. எங்க அம்மைக்கு வரும்வரும்னு நானும் மாசக்கணக்காத் துண்டு போடுதேன், குடுத்துவைக்கல.”

வாசலில் அவரே ஆணி அடித்துப் பலகையை மாட்டினார். நீலத்தில் வெள்ளைக் குருவி அழகாக வந்திருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் எட்டு அறையும் நிரம்பிவிட்டன. ஊர்ப் பெண்கள், இதுவரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள், அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து தர்ஷிகாவின் கையில் கொடுத்துக் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் அவளை முதல் வரிசைக்கு மாற்றினார்கள், வீட்டுப்பாடம் கேட்கவில்லை. “டீச்சர் என்னைய அடிக்கவே இல்லம்மா, செல்விய மட்டும் அடிச்சாவ” என்று அவள் சந்தோசமாக வந்து சொன்னாள். அறைக்கு வந்தவர்கள் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாசானம் சாவிகளை மேசையில் வைத்தான்.

“கயத்தாறுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவோம்.”

“துபாயில இருந்தவன் என்ன ஆனான்?”

“அப்ப லாட்ஜ மூடிருவோம். விரிப்பு, உறை எல்லாத்தையும் வெள்ளாவி அடுப்புல போட்டு எரிச்சிருவோம். குறியே இல்லன்னா?”

“மண்ணுல கீறுனது கீறுனதுதான. என்ன சொல்லுதிய நீங்க? லாட்ஜ மூடினா அந்தக் குறிக்குள்ள நாம மூணு பேருதான் இருப்போம்.”

அவன் மேசையிலிருந்த சாவிகளை எடுத்து, எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக ஆணியில் திரும்ப மாட்டினான்.

உலகம்மாள் முதலில் மகளின் துணிகளை வாரிக்கொண்டு போய் ஒவ்வொரு காலரையும் வெட்டியெடுத்து அடுப்பில் போட்டாள். மிச்சத்தையும் போட்டாள். தன் சேலையையும் அவன் வேட்டிகளையும் போட்டாள். சேங்கொட்டை மை எரிகிற புகை பட்டால் உடம்பு தடிக்கும் என்பது தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இரண்டு நாளைக்கு அவள் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. மகளுக்குத் தைத்த துணி வாங்கி, கடைச் சீட்டைக்கூடக் கிழித்தெறிந்துவிட்டு உடுத்திவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, லாட்ஜின் எந்த அறைக் கட்டிலிலும் ஏறக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

விரிப்புகள் அப்படியே இருந்தன. அதில் வந்து படுத்தார்கள்: ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் நாலு பேர், மதுரையிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி, கேமராக்களோடு ஆறு வாலிபர்கள், பெங்களூரிலிருந்து இரண்டு மாமிகள். எல்லாரும் பெரியவர்கள். ஒருவராலும் அந்தத் தாழிக்குள் இடுப்பளவுகூட இறங்க முடியாது. எல்லாரும் காலையில் எழுந்து, பல் தேய்த்து, கேட்டார்கள்: இன்னைக்கு விழுமா?

ஒன்பதாம் நாள் தர்ஷிகாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐப்பசி மழைக்கு ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்தான் என்று சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். உலகம்மாளையும் மாசானத்தையும் பிள்ளையோடு முந்தி உள்ளே விட்டதற்கு வரிசையில் யாரும் சண்டை போடவில்லை. லாட்ஜின் கீழ்த்தளத்து முன்னறையில் நார்க்கட்டிலில், குறியில்லாத புதுப் போர்வையில் அவளைக் கிடத்தினார்கள். வாசலில் ஆட்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கோமதிநாயகம் தன் செலவில் கயிறு கட்டி அவர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் காலை காய்ச்சல் ஏறியது. அருங்காட்சியகத்தில் ஏழு மணிக்கே கண்ணாடி மேல் நிற்க இடமில்லை என்றார்கள்.

பத்தாம் நாள் மத்தியானம், ஐந்தாம் எண் அறையைக் காலி செய்துகொண்டு வாலிபர்கள் போனார்கள். அவர்களை விட்டுவிட்டுத் திரும்பிய ஆட்டோவிலேயே கோயம்புத்தூரிலிருந்து ஒரு புருசனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். கூட ஒரு பெண் பிள்ளை, ஐந்து வயதிருக்கும், மழைக்குப் போட்ட மஞ்சள் சட்டையோடு படியில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துக் குதித்து ஏறியது.

அறைகளை ஒழுங்குபண்ண ஆள் இருந்தது. உலகம்மாள் அந்த வேலைக்குப் போவதில்லை. அன்றைக்கு விரிப்பை அவளே எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

“வாங்கக்கா” என்றாள் அந்தப் பெண், பையைத் திறந்தபடி. “ஏனுங்க, நாளைக்கு விழுந்துருமுங்களா? இவருக்கு ஒரு நாளுதான் லீவு குடுத்திருக்காங்க. போன தடவை எங்க அண்ணன் வந்துட்டு மூணு நாள் காத்திருந்தும் பார்க்காமத் திரும்பிட்டாரு.”

“விழுந்துரும்மா” என்றாள் உலகம்மாள்.

“கீழ படுத்திருக்குதே, அந்தப் பாப்பாதான் உங்க பொண்ணுங்களா? காச்சலுன்னு சொன்னாங்க.”

“ஆமா.”

“பாவமுங்க. சாமி புண்ணியத்துல சரியாயிரும்.” அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். “ஏனுங்கக்கா, சின்னத் தலகாணி ஒண்ணு கெடைக்குமுங்களா? இவ உருண்டு உருண்டு கீழ விழுந்துருவா. அதனால எப்பவும் செவுத்தோரமாத்தான் போடுவோம்.”

“இருக்கும்மா.”

புருசன் குளியலறையில் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியது. அந்தப் பெண் அதன் பின்னால் போய் நின்று, மழைக்கு அப்பால் தெரிந்த அருங்காட்சியகத்தின் கூரையைக் காட்டி, “பாரு தங்கம், அதுதான்” என்றவள், திரும்பாமலே, “காலையில எத்தனை மணிக்குங்க கதவு தொறப்பாங்க?” என்று கேட்டாள்.

“ஆறுக்கே தொறந்துருவாவ” என்ற உலகம்மாள், விரிப்பை உதறி மெத்தை மேல் போட்டாள். குருவி இருந்த முனை வழக்கம்போல் கால்மாட்டுக்குப் போயிற்று. அவள் விரிப்பைத் திரும்பக் கையில் எடுத்து, ஒரு சுற்றுத் திருப்பி, அந்த முனை சுவரோரம் தலைமாட்டுக்கு வரும்படி விரித்து, சின்னத் தலையணையை அதன் மேல் வைத்து, சுருக்கமில்லாமல் தடவிவிட்டாள்.